கிளாவர் ஏழு

நாளொன்றுக்கு நான்கு மில்லிபார்.
வியாழனைத் தாண்டி, சனியை எட்டாத நடுவழியில்
எங்கோ ஓர் ஓட்டை
எங்கள் காற்றை இருட்டுக்கு
வட்டிபோல் கட்டிக்கொண்டிருந்தது.

பதினோரு நாள் தேடினோம்.
ஓயுன்பிலெக் தன் ஸ்டெதஸ்கோப்பைச்
சுவர் சுவராக வைத்துக் கேட்டாள்.
"மூச்சை இழுத்து விடு" என்றாள்
சரக்கறைக் கதவிடம்.
முதல் நாள் சிரித்தோம்.
ஐந்தாம் நாள் மறதியாக அதையே சொன்னாள்,
யாரும் சிரிக்கவில்லை.

காற்று குறையக் குறைய
உள்ளே ஏறியது அழுத்தம்,
மானி காட்டாத அழுத்தம்.
யார் கரண்டி, யார் குறட்டை,
சோட்னே எதற்கு எப்போதும்
ஒரே பாட்டின் ஒரே அடியை முணுமுணுக்கிறான்?
எரிச்சல் வந்தால் போய் நிற்க
ஒரு தெருமுனை இல்லை.
கதவைச் சாத்திக்கொண்டாலும்
அடுத்தவர் விட்ட மூச்சைத்தான்
வடிகட்டி இழுக்கவேண்டும்.
வடிகட்டி என் பொறுப்பு.
சாம்பல் படிந்த அட்டையைக் கழற்றுவேன்,
புதிதைச் செருகுவேன்,
அதில் யார் கோபம் எவ்வளவு என்று
சொன்னதில்லை.

கேப்டன் இட்சியார் உரை நிகழ்த்தும் ஆள் அல்ல.
மனவுறுதி பற்றி
பூமியிலிருந்து பன்னிரண்டு பக்கம் வந்தது.
படித்தாள்.
"கழிப்பறை நாளை யார் முறை?" என்றாள்.
"என் முறை" என்று பதிலும் தானே சொன்னாள்.
மறுநாளும் அவள் முறை.
அதற்கு மறுநாளும்.
நாங்கள் எண்ணவில்லை என்று நினைத்தாள்.

இரவு என்று நாங்கள் பேர்வைத்த நேரத்தில் சீட்டு.
ரப்பர் பட்டையில் செருகி ஆடவேண்டும்,
இல்லாவிட்டால் ராஜா கிளம்பிப் போய்விடுவார்.
பன்னிரண்டாம் இரவு
டௌனோ நான்காம் முறையாகத் தோற்றான்.
தோற்றதற்கு அல்ல,
அந்த முணுமுணுப்புக்கு,
கையில் மிஞ்சிய சீட்டைக் கிழித்தான்,
இரண்டாக, நான்காக, பொடிப்பொடியாக,
வரக்கூடாத கடிதத்தைக் கிழிப்பவன்போல.

தரை உள்ள ஊராக இருந்தால்
கிழித்தது காலடியில் விழுந்திருக்கும்,
ஒருவர் குனிந்து பொறுக்கியிருப்பார்,
அத்தோடு போயிருக்கும்.
சண்டைக்காரன் காலில் விழலாமென்றால்
விழுதல் என்ற வினையே இங்கே கிடையாது.
துண்டுகள் அவன் முகத்தைச் சுற்றியே சுழன்றன.

வடிகட்டியில் போய்ச் சிக்குமே என்று
விசிறியை நிறுத்தினேன்.
என் பங்கு அவ்வளவுதான்.

சத்தமில்லை.
பிறகு ஒரு துண்டு
ஏதோ நினைவு வந்ததுபோல் நகர்ந்தது.
இன்னொன்று.
அடுப்புக்கும் சுவருக்கும் இடையே
கை நுழையாத சந்தை நோக்கி
அவசரமே இல்லாமல் போயின
கறுப்பு இலைகள்.

சோட்னேதான் முதலில் கத்தினான்.
டௌனோவின் தலையை இரு கையாலும் பிடித்து
நெற்றியில் முத்தமிட்டான், வைதான்,
மறுபடி முத்தமிட்டான்.
ஓயுன்பிலெக் சந்தில் குழலை வைத்தாள்.
"மூச்சு வருகிறது" என்றாள்.
சிரித்தோம்.
கன்னத்தில் இறங்கத் தெரியாத கண்ணீர்
கண்ணிலேயே உருண்டு நிற்க,
துடைக்கத் துடைக்கச் சிரித்தோம்.

அடைத்து முடிக்க ஆறு மணி நேரம்.
பிசின் நாற்றம் இன்னும் சோற்றில் இருக்கிறது.
அதே பாட்டு, அதே அடி.
மீதி இருநூற்று நாற்பது நாள்.

கிளாவர் ஏழுக்குப் பதில் இப்போது
பட்டாணி சூப் உறையின் ஒரு மூலை.
இட்சியார் கத்தரித்து
பேனாவால் ஏழு இலை வரைந்தது.
பின்பக்கம் பச்சை.
மற்ற ஐம்பத்தொன்றும் நீலம்.
யார் கையில் இருக்கிறதென்று
ஐந்து பேருக்கும் தெரியும்.
தெரிந்ததாக ஒருவரும்
இதுவரை காட்டிக்கொண்டதில்லை.

நேற்று அது டௌனோவிடம்,
பச்சைப் பசேலென்று.
சோட்னே மோவாயைச் சொறிந்து
நெடுநேரம் யோசித்தான்.
"கிளாவர் ஏழு யாரிடம் இருக்குமோ" என்றான்.
தப்பான சீட்டை இறக்கித் தோற்றான்,
முணுமுணுத்தபடி.

போகிறேன்.
கழிப்பறை இன்று என் முறை.
இட்சியார் விழிப்பதற்குள் முடிக்கவேண்டும்.