நாற்பத்து மூன்றாம் எண் பூட்ஸ்

போர்த்தோவில், ஆற்றை ஒட்டி ஒரு நிலவறை.
மேலே டிராம் போகும்போதெல்லாம்
வேலையை நிறுத்திவிடுவோம்.
நான் நடிப்பதில்லை,
நடப்பேன்.
திரையில் யார் நடந்தாலும் அது என் கால்.

இந்த முறை அந்தப் பழங்கதை.
படகுக்காரன், அவன் மனைவி,
அடுத்தவன் படகில் கிடந்த ஒரு சீப்பு.
முடிவு இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.
தெரிந்தும் மூன்றாம் தடவை
படமெடுக்கிறார்கள்.

முதலில் அவள்.
பட்டுப் பாவாடைக்குக் கிழிந்த குடைத்துணி.
முத்தத்துக்கு என் புறங்கை.
ஈரம் போதாது என்பார் டெல்மீரோ,
கண்ணாடிக்கு அப்பாலிருந்து, முகம் சிவக்காமல்.
அந்த நான்கு நிமிடக் கட்டிலில்
நானும் ஒரு தலையணையும்தான்.

பிறகு கொலை.
முட்டைக்கோஸ் ஒன்பது வாங்கியிருந்தோம்.
ஏழாவதில்தான் கத்தி சரியாக இறங்கியது.
எறிய மனமில்லை, வீட்டில் சூப் வைத்தேன்.
குத்துப்பட்டவையும் நன்றாகத்தான் வெந்தன.

மாடிப்படிதான் சிக்கல்.
சீப்பைக் கண்டவன் வீடு திரும்புகிறான்,
பதினான்கு படி.
நாற்பத்து மூன்றாம் எண் பூட்ஸில்
பஞ்சு திணித்துக்கொண்டு ஏறினேன்.
'இன்னும் கோபமாக' என்றார் இயக்குநர்.
ஏறினேன்.
'இடி மாதிரி.'
பலகையில் கீறல் விழுந்தது.
'இன்னும்.'

உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன்.
'என்ன இதலீனா, கால் வலியா?'

கோபக்காரன் செருப்போடு வருவான்.
சந்தேகக்காரன்
கீழ்ப்படியிலேயே கழற்றிவிடுவான்.
பதினோரு வருடம் கேட்டிருக்கிறேன்.
ஆறாவது படி முனகும்,
அதைத் தாண்டி ஏழில் வைப்பான்.
அந்தப் பாரத்தில் ஏழாவது படி
ஒரு மூச்சு விடும்.
அவ்வளவுதான் சத்தம்.
நான் கட்டிலில் படுத்தபடி
தூங்குகிறவளைப் போல
மூச்சு விடத் தொடங்குவேன்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
காலுறையோடு ஏறிக் காட்டினேன்.
ஐந்து.
ஏழு.
டெல்மீரோ வெகுநேரம்
ஹெட்போனைக் கழற்றவில்லை.
இயக்குநர் மணி பார்த்தார்,
சரி, இருக்கட்டும் என்றார்.

படம் வந்த வாரம் அரங்கில் பாதி இருக்கை காலி.
கொலையைச் சோளப்பொரி கொறித்துக்கொண்டேதான் பார்த்தார்கள்.
அதற்கு முன்னால், படிக்கட்டில்,
ஒன்றுமே கேட்காத அந்த அரை நிமிடத்தில்,
முன்வரிசையில்
பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி
தரையிலிருந்து மெல்லக் கால்களைத் தூக்கி
இருக்கைமேல் மடக்கிக்கொண்டாள்.