ஐந்து ரூபாய்ச் சீட்டு

கோட்டைக்குக் கட்டணம் இல்லை.
பூங்காவுக்கு மட்டும் ஐந்து ரூபாய்.
இராயக்கோட்டை மலையடிவாரத்தில் என் தகரக் கூண்டு.
வருகிறவர்கள் ஒரு கணம் மலையைப் பார்க்கிறார்கள்,
மறு கணம் ஊஞ்சலைப் பார்க்கிறார்கள்,
பிறகு சில்லறை தேடுகிறார்கள்.

மேலே ஏறிப் போனவர்கள்
இறங்கி வந்து கேட்பது ஒன்றுதான்:
"குடிக்கத் தண்ணி இருக்கா?"

வரலாற்றுப் பலகை என் முதுகுக்குப் பின்னால்.
நூற்றாண்டு இருந்த இடத்தில் துரு.
கட்டியவர் பெயரில்
'ரால்' மட்டும் மிச்சம்.
"எப்பக் கட்டினது?" என்று கேட்கும் பிள்ளைகளிடம்
ரொம்ப நாளாச்சு என்பேன்.
இதுவரை யாரும் மறுத்ததில்லை.

போன ஆடியில்
குரோட்டன்ஸ் வைக்கக் குழி தோண்டும்போது
லகுமக்காவின் கடப்பாரை ணங்கென்றது.
பாறை என்றுதான் நினைத்தோம்.
உருண்டை.
அதனடியில் இன்னொன்று.
மொத்தம் ஆறு கல்குண்டுகள்.
யாரோ செதுக்கி, யாரோ சுமந்து வந்து
யார் தலையிலும் விழாமல் போனவை.

ஒப்பந்தக்காரர் மாதையன் குனிந்து பார்த்தார்.
"பாத்திக்கு பார்டர் ஆச்சு."
அங்கன்வாடிச் சுவருக்கு அடித்து மீந்த பெயின்டில்
மூன்று மஞ்சள், இரண்டு நீலம், ஒரு சிவப்பு.

சிவப்புக் குண்டில் தினமும் பதினொன்றரைக்கு
பீர்பாஷா வந்து உட்கார்வார்.
தக்காளி மண்டியில் எடை போடுகிறவர்.
முதல் நாளே இரு கையாலும் அதைத் தூக்கிப் பார்த்து
"பதினேழு கிலோ.
ஒரு பெட்டியை விட ரெண்டு கூட" என்றார்.
அவ்வளவுதான் அவருக்கு அந்தப் போர்.

சித்திரையில் கிலோ இரண்டு ரூபாய்க்கு வந்தது.
பறிகூலிக்கும் கட்டாது என்று
டிராக்டர் டிராக்டராகக் கொண்டுவந்து
அகழிப் பள்ளத்தில் கொட்டினார்கள்.
ராத்திரியில் கொட்டினார்கள்,
பிணத்தைப் போடுவதுபோல, விளக்கணைத்து.
மாடுகள் முகர்ந்துவிட்டு நகர்ந்தன.
நான்கு நாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு
சீட்டுக் கிழித்தேன்.
கிழிக்கத்தான் ஆளில்லை.

பிறகு மழை.

பாத்தியில் குரோட்டன்ஸுக்கு இடையில் ஒரு வாசனை,
விரலில் ஒட்டிக்கொள்ளும் பச்சை வாசனை.
காக்கை கொண்டுவந்ததோ, மைனாவோ,
சறுக்குமரத்தடியில், கழிப்பறைக்குப் பின்னால்,
எங்கும் தக்காளிச் செடி.
களை பிடுங்குவது லகுமக்காவின் வேலை.
கோரையைப் பிடுங்கினாள், பார்த்தீனியத்தைப் பிடுங்கினாள்.
இதன் முன்னால் வந்ததும்
சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு
அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.
நான் பார்க்கவில்லை.

தொல்லியல் துறையிலிருந்து ஒருவர் வந்தார்.
குண்டுகளைப் படமெடுத்தார்,
பெயின்டுக்காகத் திட்டினார்,
சுரண்டச் சொல்லி எழுதிக் கையெழுத்து வாங்கினார்.
பேசிக்கொண்டே ஒரு பழத்தைப் பறித்து
சட்டையில் துடைத்துத் தின்றார்.
விதை தாடையில் ஒட்டியிருந்ததை
நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ஆவணியில் விலை நூற்றிருபது.
அந்த வாரம் பூங்காவில் கூட்டம்.
ஊஞ்சலுக்குப் போகாத பெரியவர்கள்,
காலிப் பையை நான்காய் மடித்து
கக்கத்தில் வைத்திருந்த பெண்கள்.
ஐந்து ரூபாய் கொடுத்து உள்ளே போய்
அரை கிலோவோடு வெளியே வந்தார்கள்.
வசூலைப் பார்த்த மாதையன்
"புது சறுக்குமரம் வேலை செய்யுது" என்றார்.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் எல்லாம் மொட்டை.
ஒன்றைத் தவிர.

கொத்தளத்தின் விரிசலில்,
இரண்டு ஆள் உயரத்தில்,
ஒரு கொடி, அதில் ஒரே பழம்.
பையன்கள் கல்லெறிந்தார்கள்.
ஒருவன் தோளில் ஒருவன் ஏறிச் சரிந்தான்.
ஒரு துரட்டியும் வந்து தோற்றுப் போனது.
எத்தனை காலத்துக்குப் பிறகோ
அந்தச் சுவர் எதையோ காத்துக்கொண்டு நின்றது.

பூட்டுகிற நேரம்.
பாதி சுரண்டிய சிவப்புக் குண்டிலிருந்து எழுந்த
பீர்பாஷா அண்ணாந்து பார்த்தார்,
கண்ணை இடுக்கினார்,
உள்ளங்கையைக் காற்றில் மெல்ல ஏந்தினார்.

"தொண்ணூறு கிராம்."