கேட்டது செல்லாது

பீட்டர்மாரிட்ஸ்பர்க், லாங்மார்க்கெட் தெரு,
துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பிப்ரவரி வெக்கை. விசிறி பழுது.
எடன்டேல் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள்
படிக்கட்டு நெடுக உட்கார்ந்திருக்கிறார்கள்,
கீழ்ப்படியில் ஒருவர் ஒற்றைச் செருப்போடு.
அவர்களுக்கு முன்பே மேலேறிவந்த புகை வாசனை
என் கோப்புகளுக்குள் புகுந்துவிட்டது.

நான் கோகிலாம்பாள் மூட்லி. தட்டச்சுக்காரி.
ஒரு நாளைக்குப் பதினோரு வாக்குமூலம்.
பெக்கானி ஜூலுவில் கேட்டு
ஆங்கிலத்தில் சொல்வான்.
நான் அடிப்பேன்.
இடையில் எங்கோ
தமிழில் ஒருமுறை நடுங்கிவிட்டுத்தான்
விரலுக்கு இறங்கும்.

அவர்கள் சண்டை, உனக்கென்ன வந்தது
என்கிறாள் நார்த்டேலில் என் நாத்தனார்,
பருப்பைக் கடைந்துகொண்டே.
பதில் யோசித்திருக்கிறேன். சொன்னதில்லை.
என் நகக்கண்ணில் கார்பன் கறுப்பு,
எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை.

வழக்கறிஞர் பூபாலன் கையில் சிவப்புப் பென்சில்.
"கண்டதை மட்டும் அடி.
கேட்டது செல்லாது."
கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
சுவரதிரக் கத்தியவர்கள்தான் நானும் அவரும்.
தீர விசாரிப்பதல்லவா மெய்?
விசாரிக்க யார் இருக்கிறார்கள்.
காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ள மறுக்கிறார்கள்,
எழுதச் சொல்லிக் கேட்டவனின் வீடு
அன்றிரவே எரிகிறது.
பதினெட்டாம் தேதி நீதிமன்றம்.
அதுவரை இந்தத் தாள்தான்
கதவு, தாழ்ப்பாள் எல்லாம்.

ஏழாம் மனுதாரர் தெம்பேகிலே.
வயது ஐம்பத்திரண்டு. துணி வெளுக்கும் வேலை.
கண்டது:
கூரைத் தகரம் முற்றத்தில் கிடந்தது.
வெள்ளை லாரி. எண்ணில் ஒரு நான்கு.
கோழிகள் ஒன்பது. தையல் மெஷின்,
தவணை இன்னும் மூன்று பாக்கி.
இதுவரை பென்சில் சும்மா இருந்தது.

பிறகு சொன்னாள்:
ம்லுங்கிசி "மா" என்று
இரண்டு முறை கூப்பிட்டானாம்.
பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்.
மூன்றாம் முறை கூப்பிடவில்லையாம்.

அந்தப் பையன் எங்கே?
ஓடிவிட்டான். டர்பனோ எங்கோ.
அப்படியென்றால் முடியாதம்மா,
எதிர்த்தரப்பு இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு
மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிடும்.
இதை மொழிபெயர்க்க
பெக்கானி தண்ணீர் குடித்தான்.
அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்:
தையல் மெஷினை எடுத்துவிடுங்கள்,
அந்த இடத்தில் இதை வையுங்கள்.

கேட்டது.
எங்கள் மொழியில் காதுக்கும் வாய்க்கும்
ஒரே சொல்தான், தாயே.
உன் செவியில் விழுந்ததும் கேட்டது,
நீ கைநீட்டியதும் கேட்டது.
இரண்டும் செல்லாது.

பூபாலன் சாப்பிடப் போனார். கெட்டவரில்லை.
அவர் காரின் கண்ணாடியை
இந்த மாதமே இரண்டு முறை உடைத்திருக்கிறார்கள்.
நான் கார்பனை உருவினேன்.
ஸ்டென்சில் வெட்டும்போது செய்வதுபோல்
ரிப்பன் விசையை வெள்ளைப் புள்ளிக்குத் தள்ளினேன்.
மையில்லாமல் எழுத்து
தாளை வெறுமனே குத்தும்.
பதினொன்றாம் பத்திக்கும் அடுத்ததற்கும் நடுவே
மா. மா.
பார்த்தால் வெள்ளை இடைவெளி.

கைநாட்டு வைக்க வந்தவளின் கட்டைவிரலை
மையில் ஒற்றுவதற்கு முன்
அங்கே ஒருதரம் வைத்தேன்.
எழுத்து தெரியாதவள்.
விரலை எடுக்கவில்லை.
படிக்கட்டில் யாரோ இருமினார்கள்,
இன்னும் எடுக்கவில்லை.

பதினெட்டாம் தேதி இடைக்காலத் தடை கிடைத்தது.
மூன்றாம் மனுதாரர் அதைப் பார்க்க இல்லை,
பதினாறாம் தேதி, பேருந்து நிறுத்தத்தில்.
அவர் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" சேர்த்து
முதல் பக்கத்தைத் திரும்ப அடித்திருந்தேன்.

ஏழாம் மனுவைப் புரட்டிய நீதிபதியின் விரல்
ஓரிடத்தில் தயங்கி நின்றதாகப்
பெக்கானி வந்து சொன்னான்.
நான் பார்க்கவில்லை.
கேட்டதுதான்.