நாலரை மணி அடக்கம்

குழி தயார். எஸ்தாக்கியும் தயார்.
கல்லறைத் தோட்டத்தில் காட்டெருமை ஒன்று
சூசை போட்டுவிட்டு ஓடிய மண்வெட்டிக்குப் பக்கத்தில்
நிதானமாக மேய்கிறது.

தீர்த்தச் செம்போடு மதிலுக்கு வெளியே நிற்கிறேன்.
அங்கி விளிம்பில் அட்டை ஏறுகிறது.
கோத்தகிரியிலிருந்து ஜீப் கிளம்பிவிட்டதாம்,
மூன்றரைக்குச் சொன்னது.

தோள் வலித்து,
கவாத்து வெட்டிய தேயிலைப் பாத்தியாகப் பார்த்து
பெட்டியை இறக்கிவைத்தார்கள்.
முப்பது வருடம் அவர் வெட்டிய செடிகள்
தாங்கிக்கொண்டன.

ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சு அவருக்கு.
நான் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமினால்
பீடியோடு வெளியே போய்விடுவார்.
கோபம்தான் எனக்கு. ஒருமுறை
பெயர் சொல்லியே கண்டித்தேன்.
மறுவாரமும் போனார்.

"சும்மா நிக்கிறதுக்கு ஏதாச்சும் பேசுங்க சாமி,
இன்னைக்கு எந்திரிச்சுப் போகமாட்டாரு"
என்கிறாள் பிரகாசி.
எழுதிவந்த தாளை மடித்துப் பையில் வைக்கிறேன்.
எருமை தலைதூக்கி என்னைப் பார்க்கிறது.

பனி இறங்கிக் குழியை மறைக்கிறது.
பின்னால் யாரோ பீடி பற்றவைக்க,
காலையிலிருந்து அழாதவள்
அந்த வாசனைக்கு உடைந்துபோனாள்.

ஜீப் சத்தம் இன்னும் இல்லை.
சில்லிட்ட செம்பை
அங்கிக்குள் நெஞ்சோடு வைத்திருக்கிறேன்.
இவ்வளவு குளிர்ந்த தண்ணீரை
அவர்மேல் தெளிக்க மனமில்லை.