கூம்பில் நாலு ஜவ்வரிசி

அம்மாபேட்டை மரக்கடையில் மிஞ்சிய பிளைவுட்.
சிவதாபுரத்து ஹம்சவேணி
கொலுசுக்குக் கம்பி வளைத்த விரலால் சுற்றிய
செம்புச் சுருள்;
அவள் எண்ணும்போது
யாரும் தும்மக் கூடாது.

கிளப் அறையைப் பூட்ட இருபது நிமிடம்.
இரண்டு பெட்டியும் பாடின.
நாகஸ்வரம் இருக்கிறது, தவிலைக் காணோம்.

பசை காயவில்லை என்றான் தாவூத்.
நீ அறுத்த பெட்டி சிறிசு என்றேன்.
போன மாதத்து நூறு ரூபாயும்
பேச்சில் வந்தது.

அவள் கூம்புகளில் நாலு நாலு ஜவ்வரிசி போட்டு
டார்ச் செல்லால் தொட்டாள்.
இதில் துள்ளின.
அதில் பள்ளத்துக்குள் அமுங்கின.
ஒன்றும் சொல்லாமல்
ஒரு பெட்டிக்கு மட்டும்
கம்பிகளை இடம் மாற்றினாள்.

தவில்!
எகிறிய ஒரு மணி
தாவூத்தின் டீயில் விழுந்தது.
என்னைப் பார்க்காமல் குடித்தான்.

வாசலில் வாட்ச்மேன்
நேரமாச்சு என்று சாவியை ஆட்டினார்,
தாளம் தப்பாமல்.