திக்கும் இடம்

குளுகோர் ஆய்வுக்கூடத்தில்
பேரிக்காய்க்கு வாசனை கிடையாது.
திரவ நைட்ரஜன் ஊற்றி அரைத்துவிட்டால்
பச்சையும் மஞ்சளும் செம்புநிறமும்
ஒரே வெளுத்த மாவு.

இறக்குமதியாளர் ஊய் அனுப்பியவை பதினான்கு பெட்டி,
ஒட்டுத்தாளில் பதினான்கு பேர்:
பனிமுத்து, அரசி, தங்கமணி,
ஒன்று வெறும் 'நம்பர் ஒன்'.
இருபத்திரண்டு ரிங்கிட் காயும்
ஆறு ரிங்கிட் காயும்
சொந்தமா இல்லையா,
அவருக்கு அது தெரிந்தால் போதும்.

தோல் நிறம் பொய் சொல்லும். இனிப்பும்தான்.
நாங்கள் பார்ப்பது எழுத்து திக்கும் இடங்களை.
ஜீஏ ஜீஏ ஜீஏ என்று
ஒரு ரகம் பதினேழு முறை தடுமாறும்,
இன்னொன்று இருபத்தொரு முறை.
பொருளே இல்லாத அந்தத் தடுமாற்றம்
ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பள்ளியில் வருகை எடுக்கும்போது
என் பேரின் முதல் எழுத்திலேயே
நான்கு முறை நிற்பேன்.
ஆசிரியர் நிமிராமலே
சரியான கட்டத்தில் டிக் போடுவார்.

மாலையில் சியூ லிங் கத்தியைக் கீழே வைத்தாள்.
மிச்சக் காயைப் பங்குபோட மாட்டாளாம்.
மாண்டரினில் லீ என்றால் பேரிக்காய்,
லீ என்றால் பிரிவு.
படையலுக்கும் ஆகாதாம், இது ஏழாம் மாதம்.
ஹொக்கியனில் அது லாய்.
வா என்று கூப்பிட்டது போலாகிவிடும்,
யார் வருவார்களோ.
"உங்க பாஷையில?"

பே, என்றேன்.
பே... பே...
"பேயா!" என்று கைதட்டிச் சிரித்தாள்.
நான் கற்றுக்கொடுத்திருந்த ஒரே தமிழ்ச் சொல்.
ரி, என்று முடித்தேன்.
அதற்குள் பேர் இருப்பதைச் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குக் கிளைப்படம் விரிந்தது.
தங்கமணி யாரோடும் ஒட்டாமல் ஓரத்தில்.
அரசியும் நம்பர் ஒன்னும்
ஒரே நுனியில். இடைவெளி பூஜ்யம்.
அக்கா தங்கை அல்ல, தாய் மகளும் அல்ல.
ஒரே மரம்.
எங்கோ குளிர்நாட்டில் வெட்டி வெட்டி ஒட்டி,
கப்பலேறும் முன்
இரண்டு விலை எழுதப்பட்டது.

ஊயின் பதில் உடனே வந்தது:
"அப்போ ஆறை இருபத்திரண்டாக்கலாமா?"

வெளியே கூத்துமேடையில் மைக் சோதிக்கிறார்கள்.
முன்வரிசை நாற்காலிகள் காலி,
வருகிறவர்களுக்காக.
நாங்கள் பின்னால் நின்றோம்,
ஆளுக்கொரு முழுக்காய்.
அவள் கையில் அரசி, என் கையில் நம்பர் ஒன்.
வெட்டவில்லை.
கடித்த சத்தம் மட்டும்
கொஞ்சம் முன்னே பின்னே.