இடது முன்கதவு

பத்திரிகையில் போட எட்டு வரி கேட்டார்கள், எமரி.
வரிக்கு இத்தனை டாலர் என்று கணக்கு.
'அன்புக் கணவர், தந்தை,
ஓய்வுபெற்ற கார்த் தொழிலாளி' என்று
ரோஸலின் எழுதிக்கொண்டு வந்தாள்.
தப்பில்லை.
எந்தக் கதவு என்றுதான் அதில் இல்லை.

இடது முன்கதவு.
டொலீடோவில், முப்பத்தோரு வருடம், இரண்டாம் ஷிஃப்ட்.
வலது கதவு ஆல்விஸ் டக்கெட்டுடையது.
உனக்கு எதிர்ப்பக்கம் நின்றான்.
நடுவில் நகரும் வண்டிகளின் ஜன்னல் வழியே
நீங்கள் இருவரும் பேசிக்கொண்டீர்கள்,
வண்டிக்கு ஒரு வாக்கியம்.
அவன் விவாகரத்து முழுவதையும்
துண்டு துண்டாக
ஒரு வாரத்தில் கேட்டு முடித்தாய்.

மதியம் இரண்டுக்குப் போவாய்,
நடுநிசி தாண்டி வருவாய்.
பிள்ளைகளுக்கு நீ ஃப்ரிட்ஜில் ஒட்டிய கையெழுத்து.
"டேல், சைக்கிள் செயின் மாட்டியாச்சு."
"ரோஸி, பல் டாக்டரைக் கடிக்காதே."
ஒரு மணிக்குச் சூப்பைச் சுடவைத்து
எதிரில் உட்காருவேன்.
நம் கல்யாண வாழ்க்கை பெரும்பாலும்
அந்த ஒரு மணிக்குத்தான் நடந்தது.

முதலில் இடது காது போனது.
நான் கட்டிலில் பக்கம் மாறிப் படுத்தேன்,
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.
கோபம் வந்தால் மட்டும் அந்தக் காதில் பேசுவேன்.
திட்டித் தீர்த்த மாதிரியும் ஆகும்,
உனக்குக் கேட்காத மாதிரியும் ஆகும்.
போன மாதம் ஆஸ்பத்திரியில் சொல்கிறாய்,
அதில் பாதி கேட்டது என்று!

வேலைநிறுத்தக் குளிர்காலத்தில் படகை விற்றாய்.
ஈரி ஏரியில் மூன்றே கோடை மிதந்த படகு.
வாங்கியவன் வீடு நாம் சர்ச்சுக்குப் போகும் வழியில்.
எட்டு வருடம் சுற்றிப் போனோம்.

ரோஸலினைக் கட்டியவனிடம் ஜப்பான் கார் இருந்தது.
"தெருவில் நிறுத்து" என்றாய்,
அவன் சாப்பிட உட்காரும் முன்பே.
அந்தக் கிறிஸ்துமஸ் இரவு முழங்கால் அளவு பனி.
விடியுமுன் ஜன்னலில் பார்த்தேன்:
பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு
அவன் காரைச் சுரண்டிக்கொண்டிருந்தாய்.
நம் வண்டி வெள்ளை மேடாகவே கிடந்தது.
கண்ணாடிகளைத் துடைத்தாய்.
பிறகு இடது முன்கதவைத் திறந்து மூடினாய்.
இன்னொரு முறை திறந்து,
நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு,
மெதுவாக மூடினாய்.
உள்ளே வந்து காப்பி ஊற்றும்போது
"மோசமில்லை" என்றாய், பாத்திரத்திடம்.
அடுத்த நான்கு வருடமும்
அந்தக் கார் தெருவில்தான் நின்றது.

மளிகைக் கடை வாசலில் யாராவது கதவை அறைந்தால்
உன் முகம் கோணும்.
நான் கூப்பிட்டால் கேட்காத மனிதனுக்கு
அது கேட்கும்.
"கீல் மயிரிழை இறங்கியிருக்கு" என்பாய்,
முட்டைப் பெட்டியைப் பிடித்தபடி.

நேற்று உன்னை ஏற்றினார்கள்.
கறுப்புக் கோட்டு ஒரு சைஸ் பெரிதாகப் போட்ட பையன்
வண்டியின் பின்கதவைச் சாத்தினான்.
சரியாக விழவில்லை.
இன்னொரு முறை. இல்லை.
ஆல்விஸ், தடியை ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்த்தேன்.
பாதிரியார் வேறு தலைகுனிந்து நிற்கிறார்.
சிரிப்பை மறைக்கக் கைக்குட்டைக்குள் முகம் புதைத்தேன்,
அழுகிறேன் என்று டேல் தோளைப் பிடித்தான்,
அவன் பிடித்ததும் அது அழுகையாகிவிட்டது.

ஆல்விஸ் தடியை அந்தப் பையனிடம் கொடுத்தான்.
கதவின் அடியில் உள்ளங்கையை வைத்து
அரை அங்குலம் தூக்கி
உள்ளே விட்டான்.
ஒரே சத்தம். கனமாக, சுத்தமாக.
"என் பக்கம் இல்லை இது" என்று பையனிடம் சொல்லித்
தடியைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.